மடித்தால் ஒன்று, விரித்தால் இன்னொன்று

மார்ச்சு மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகலில் குறுக்குக்கால் இருக்கைகள் பாதுகாப்பு வாரியத்தின் அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் அக்காவின் நாற்காலியைப் பதிவுசெய்தார். அன்று பிற்பகல் அதே வாரியத்தின் வேறோர் அதிகாரி வந்து அதே நாற்காலியை மீண்டும் பதிவுசெய்தார். ஒரு நாற்காலி இரண்டாயிற்று. அந்த இரண்டில் ஒன்றுகூட இன்று எங்கள் வீட்டில் இல்லை. என் குறை இதுவே.

நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலின் இரு கைகளைப் போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் கால்கள். அவை கீழே பாதங்களாகவும் மேலே வளைந்து கைப்பிடிகளாகவும் முடிகின்றன. வெட்டும் இடத்தில் ஓர் இரும்பு அச்சு. இருக்கும் பரப்பு, நெருக்கி அடுக்கிய மரச்சட்டங்களால் ஆனது. கைப்பிடிகளை உள்நோக்கி அழுத்தினால் நாற்காலி மடியும். வெளிநோக்கி இழுத்தால் விரியும். அத்தான், அதாவது அக்காவின் காலஞ்சென்ற கணவர், வாசற்படியில் தலை இடிக்கும் அளவுக்கு உயரமானவர். மற்ற நாற்காலிகளில் அமர்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடுகிறது என்று சொல்லி, ஓர் ஏலத்தில் இதை எடுத்துவந்தார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இடுப்பு மூட்டை மாற்றி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன் பின்பு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர், எங்கள் இருக்கைகள் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், இதைக் கண்டதும் நின்றார்.

"இதுதாம்மா உங்களுக்கு. நல்ல உயரம், அமுங்காத பலகை, ஊன்றி எழுந்திரிக்கக் கைப்பிடி. தாழ்வா எதுலயும் உட்காராதீங்க. கால்மேல கால் மட்டும் போடவே கூடாது, மூட்டு நழுவிடும். தினமும் உட்கார்ந்து எழுந்திரிச்சாத்தான் திரும்ப நடக்க முடியும். படுத்தே இருந்தீங்கன்னா அவ்வளவுதான்."

அக்கா நடப்பதும் நடக்காமற்போவதும் அந்த ஒரு நாற்காலியைப் பொறுத்தது என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். வாரியம் கொள்ளவில்லை.

இப்படியொரு வாரியம் இருப்பதையே அதுவரை நான் அறியேன். பழங்காலத்தில் அதிகாரம் உடையவர்களே குறுக்குக்கால் இருக்கைகளில் அமர்ந்தார்களாம். ஆகையால் எஞ்சியுள்ள அத்தகைய முக்காலி, நாற்காலி, மடக்குக்கட்டில் யாவற்றையும் பொதுமக்களிடமிருந்து காப்பாற்றுவது வாரியத்தின் நோக்கம். வாரியம் தொடங்கப்பட்டபோது துணைத்தலைவர் பதவி ஒன்றுக்கு, சமமான செல்வாக்குள்ள இருவர் போட்டியிட்டனர். ஒருவரை விட்டு ஒருவரை அமர்த்த எவருக்கும் துணிவில்லை. குறுக்குக்கால் இருக்கைகள் மடிந்த நிலை, விரிந்த நிலை என இரண்டு நிலைகளில் இருப்பதை அப்போது யாரோ கவனித்தார்கள். உடனே மடிநிலைப் பிரிவு என்றும் விரிநிலைப் பிரிவு என்றும் இரண்டு பிரிவுகள் தோன்றின. இரண்டு துணைத்தலைவர்கள், இரண்டு மாடிகள், இரண்டு வண்டிகள் தோன்றின. இது அறிவியல் அடிப்படையிலான பகுப்பு என்று வாரியத்தின் சிறப்பு மலர் கூறுகிறது. ஒரு பிரிவினர் மற்றப் பிரிவின் பொருளைத் தொடக் கூடாது.

அன்று முற்பகல் அக்கா கட்டிலில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அறை குறுகலானது, ஆகையால் அந்த நேரத்தில் நாற்காலியை மடித்துக் கதவின் பின்னால் சாய்த்துவைப்போம். மடிநிலை ஆய்வாளர் அதைக் கண்டார். ஒல்லியான மனிதர், தம்மையும் மடித்துவைத்தவர் போலத் தோள்களைக் குறுக்கி நடந்தார்.

"இதுக்கு வயசு என்ன சார்?"

"தெரியாது. என் அத்தான் ஏலத்தில் எடுத்தார்."

"தெரியாதுன்னா ரொம்பப் பழசுன்னு அர்த்தம்" என்று மகிழ்ந்து, ஒரு சீட்டைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். 'மடிநிலைப் பொருள். தொடாதவாறு' என்று அதில் அச்சிட்டிருந்தது. தொடாதவாறு என்ன செய்ய வேண்டும் என்பதை அச்சிடவில்லை. பயனிலை இல்லாத வாக்கியத்துக்குக் கீழ்ப்படிவது எப்படி என்று எனக்குத் தெரியாததால், வழக்கம்போல் நாற்காலியை விரித்தோம்.

பிற்பகலில் விரிநிலை ஆய்வாளர் வந்தார். பருத்த உடல், அகன்ற கைவீச்சு. அக்கா நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றியே அளவு நாடா ஓடியது.

"அம்மா, கையைக் கொஞ்சம் தூக்குங்க. அளவுல நீங்களும் சேர்ந்துடப் போறீங்க."

"சேர்த்துக்கங்க. வீட்டுல நானும் பழசுதான்" என்றார் அக்கா. அவர் தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். முகம் தெரியாதவரிடமும் நறுக்கென்று பேசுவது அங்கே வந்த பழக்கம்.

காலையில் கட்டிய சீட்டை ஆய்வாளருக்குச் சுட்டிக்காட்டினேன். "ஏற்கெனவே பதிவாகிவிட்டது, ஐயா."

அவர் அந்தச் சீட்டை ஒரு குச்சியால் நகர்த்திப் பார்த்தார். "இது அவங்க பிரிவுச் சீட்டு. அவர் பார்த்தது மடிஞ்ச பொருள். நான் பார்க்கறது விரிஞ்ச பொருள்."

"அதுதான் இது."

"சார், பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. மடிஞ்சதும் விரிஞ்சதும் எப்படி சார் ஒன்னாகும்?"

மறுபக்கம் தம் சீட்டைக் கட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனையைத் தாண்டும்வரை அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "டேய் தம்பி, குடையைக் கிடையை எடுத்து வெளியில வெச்சுடாதே. மழைக்கு ஒன்னு, வெயிலுக்கு ஒன்னுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

நாங்கள் சிரித்தது தவறு. சில வாரங்கள் கழித்து இரு ஆய்வாளர்களும் கூட்டுச் சரிபார்ப்புக்காகச் சேர்ந்து வந்தார்கள். ஒருவரோடொருவர் பேசுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகையால் இருவரும் என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள்.

"பொருள் ரெண்டையும் காட்டச் சொல்லுங்க" என்றார் மடிநிலையார்.

நாற்காலி விரிந்திருந்தது. விரிநிலையார் பார்த்துத் தலையசைத்தார். "என் பொருள் இருக்கு. அவரோடது எங்கேன்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் கைப்பிடிகளை அழுத்தி நாற்காலியை மடித்தேன். "இதோ."

மடிநிலையாரின் முகம் மலர்ந்தது. விரிநிலையாரின் முகம் வெளுத்தது.

"என் பொருள் எங்க?"

நான் விரித்தேன்.

"என் பொருள் எங்க?" என்றார் மற்றவர்.

நான் மீண்டும் மடித்தேன், மீண்டும் விரித்தேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ மந்தபுத்தி மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுள் எவரும் புரியவில்லை என்பதற்காக என்மீது வழக்குத் தொடுத்ததில்லை.

"ஒரே நேரத்துல ரெண்டையும் காட்ட முடியுமா, முடியாதா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். வாரியத்தின் வரலாற்றில் இரு பிரிவுகளும் ஒத்துப்போனது அன்றுதான் முதன்முறை என்று பின்னர் அறிந்தேன்.

"முடியாது."

"அப்போ ஒன்னைக் காணோம்."

கட்டிலில் இருந்த அக்கா, "மடிப்பு சாரும் விரிப்பு சாரும் கொஞ்சம் இப்படி வாங்க" என்றார். "என் தம்பி நிற்கறான் பாருங்க. அவன் உட்கார்ந்தா, நின்னுக்கிட்டு இருந்தவனைக் காணோம்னு போலீசுக்குப் போவீங்களா?"

இருவரும் என்னைச் சற்று நேரம் கூர்ந்து பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் நகைச்சுவையாகக் கொள்ளவில்லை என்பதை உணர்ந்து, நான் நின்றவாறே இருந்தேன்.

எஞ்சிய பொருளும் காணாமற்போய்விடக் கூடாது என்னும் அக்கறையால், விரிநிலைப் பிரிவினர் மறுவாரம் வண்டியோடு வந்து நாற்காலியைக் கைப்பற்றினார்கள். விரிந்த நிலையில் அது அறைக்கதவின் வழியே செல்லாது. மடித்தால் எளிதில் செல்லும். ஆனால், மடித்த கணமே அது மற்றப் பிரிவின் பொருளாகிவிடும். அதைத் தொட இவர்களுக்கு அதிகாரம் இல்லை. தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பிறகு கடப்பாரை வரவழைத்து நிலையைப் பெயர்த்தார்கள். அறைக்கதவின் நிலை, கூடத்துக் கதவின் நிலை, வாசற்கதவின் நிலை என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சுவரில் சாய்த்துவைத்து, நாற்காலியை ஊர்வலம்போல் கொண்டுபோனார்கள். வீட்டிலுள்ள மற்ற இருக்கைகளுக்கும் முத்திரை வைத்தார்கள். நாங்கள் ஒரு பொருளை மறைத்துவிட்டதாகத் தொடுத்த வழக்கின் விசாரணை முடியும்வரை வேறு எந்த இருக்கையும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஆணையிட்டார்கள். போலிப்பொருளை மாற்றிவைக்கும் முறைகேட்டைத் தடுக்கவாம்.

"நான் எதுல உட்காருறது?" என்று அக்கா கேட்டார்.

"உட்கார்றது எங்க துறையில வராதும்மா" என்றார் விரிநிலையார். வெகு பணிவாகத்தான் சொன்னார்.

விசாரணை வாரியத்தின் பேரவைக் கூடத்தில் நடந்தது. வாடகைக் காரில் தலையணைகளை அடுக்கி அக்காவை அழைத்துச் சென்றேன். கூடத்தின் இருபுறமும் கயிற்று வேலிக்குள் குறுக்குக்கால் இருக்கைகள் வரிசையாக நின்றன; ஒன்றிலும் ஆள் இல்லை. உறுப்பினர்கள் சக்கரம் வைத்த சுழல்நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேடைமேல் அக்காவின் நாற்காலி, சான்றுப்பொருளாக விரிந்து நின்றது.

ஒரு பணியாளர் மணியை அடித்தார். வாரியத் தலைவர் தம் வலக்காலை மெல்ல உயர்த்தினார். உறுப்பினர் அனைவரும் வலக்காலை உயர்த்தினார்கள். இரண்டாம் மணிக்கு எல்லாரும் அதை இடக்காலின்மேல் போட்டார்கள். குறுக்குக்கால் வடிவத்துக்குச் செலுத்தும் மரியாதையாம். கூட்டம் முடியும்வரை எடுக்கக் கூடாது. கால் மரத்துப்போய் மேசையடியில் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தவர்களே அங்கே மூத்த உறுப்பினர்கள்.

"அந்த அம்மா ஏன் நின்னுக்கிட்டிருக்காங்க? உட்காரச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

சுவரோரம் இருந்த சோபாவைக் காட்டினார்கள். உட்கார்ந்தால் ஆளே அமிழ்ந்துபோகும் அளவுக்குத் தாழ்ந்த மெத்தை. நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றிருந்த அக்கா, "ஐயா, எனக்கு இடுப்புல ஆபரேஷன். தாழ்வா உட்காரக் கூடாது. கால்மேல கால் போடவும் கூடாது" என்றார்.

உறுப்பினரிடையே சலசலப்பு எழுந்தது. "மரபை அவமதிக்கிறாங்க" என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

தலைவர் பேசத் தொடங்கினார். அவர் பேச்சை ஏறத்தாழ அப்படியே தருகிறேன். சேர்க்கத்தக்கது ஒன்றும் என்னிடம் இல்லை.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்போ நிலைமை என்ன? ஜனங்க கொஞ்சமும் விழிப்புணர்வு இல்லாம, நாற்காலியைப் பார்த்தா உட்கார்ந்துக்கிட்டு இருந்தாங்க! முதுகு வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்க, சாப்பிடணும்னு உட்கார்ந்தாங்க, சிலபேர் சும்மாவே உட்கார்ந்தாங்க. இன்னைக்கு நான் சவால் விடுறேன். நம்ம காப்புல இருக்கற எந்த நாற்காலியிலயாவது ஒருத்தராவது உட்கார முடியுமா?"

"முடியாது!" என்றது அவை. கைதட்டல்.

"முக்காலி எல்லாம் எங்க வெச்சிருக்கோம்? பூட்டின அறையில. சாவி எங்க? அது எனக்கே தெரியாது. அந்த அளவுக்குப் பாதுகாப்பு!"

மேலும் பலத்த கைதட்டல்.

"நாற்காலியை மனுஷங்ககிட்ட இருந்து காப்பாத்தறது நம்ம கடமை. மனுஷங்களை யார் காப்பாத்தறதுன்னு கேட்கறாங்க. அதுக்குன்னு வேற ஏதாவது ஒரு துறை இருக்கும். இல்லைன்னா தொடங்குவாங்க. தொடங்கினா நானே தலைமை ஏற்கவும் தயாரா இருக்கேன்."

இந்த இடத்தில் அக்கா நடைச்சட்டத்தின்மேல் சாயத் தொடங்கினார். நெடுநேரம் நிற்க அவரால் இயலாது. நான் தாங்கிப் பிடிக்க நெருங்குவதற்குள், அவர் சட்டத்தை ஊன்றி நான்கடி நடந்து, தாழ்வான மேடைமேல் ஒரு காலை வைத்து ஏறித் திரும்பி, கைப்பிடிகளைப் பற்றி, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடியே மெல்லத் தம் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்து, நீண்ட மூச்சொன்று விட்டார்.

"இப்போ பேசுங்க" என்றார். "கேட்கறேன்."

மேல்தூக்கிய கால்கள் ஒருவருக்கும் கீழே இறங்கவில்லை. பின்வரிசையில் இருந்த இளம் உறுப்பினர் ஒருவருக்கு முதலில் பேச்சு வந்தது.

"தலைவரே, இது மடிநிலையும் இல்ல. இதுல ஆள் இருக்காங்க, அதனால விரிநிலையும் இல்ல. இது மூணாவது நிலை!"

தலைவரின் கண்களில் ஒளி பிறந்தது. புதிய பிரிவு என்றால் புதிய மாடி, புதிய வண்டி, புதிய துணைத்தலைவர். அவருக்கு ஒரு மருமகன் உண்டு என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கேயே, அப்போதே, அமர்நிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. 'மூதாட்டியோடு கூடிய இருக்கை' என்று அக்காவும் நாற்காலியும் சேர்ந்து ஒரே பொருளாகப் பதிவாகிப் படம் பிடிக்கப்பட்டார்கள். அக்காவின் கைப்பையில் ஒரு சீட்டைக் கட்டினார்கள்.

"சரி, எழுதிட்டீங்கல்ல? நான் கழிப்பறைக்குப் போகணும்" என்று அக்கா எழுந்தார்.

"ஐயோ, எழுந்திரிக்காதீங்க!" என்று அவை முழுவதும் அலறிற்று.

எழுந்துவிட்டார். அமர்நிலைப் பொருள், பதிவாகித் தேநீர் ஆறுவதற்குள் காணாமற்போயிற்று.

தீர்ப்பு அன்றே வந்தது. மூன்று பொருள்களுள் விரிநிலைப் பொருள் வாரியத்தின் காப்பில் இருக்கும். மடிநிலைப் பொருளும் அமர்நிலைப் பொருளும் எங்களால் மறைக்கப்பட்டுள்ளன. மடிநிலைப் பொருளை நாங்கள் கொண்டுவந்து ஒப்படைத்தால், விரிநிலைப் பொருளைத் திருப்பித் தருவது பற்றி வாரியம் சிந்திக்கும். அதுவரை வீட்டு இருக்கைகளின் முத்திரை நீடிக்கும். நாங்கள் இருவரும் வாரியக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது.

"மடிநிலைப் பொருள் உங்கள் மேடைமேல் நிற்கிறது" என்றேன். "கைப்பிடிகளை அழுத்துங்கள், வந்துவிடும்."

"யார் அழுத்தறது?" என்றார் தலைவர். "விரிநிலைப் பிரிவு மடிக்கக் கூடாது. மடிநிலைப் பிரிவு விரிஞ்சதைத் தொடக் கூடாது. நீங்க அழுத்தலாம்னா, நீங்கதான் உள்ளேயே வரக் கூடாதே."

வெளியே வரும்போது வாயிற்காவலர் அக்காவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். இரக்கமுள்ளவர் போலிருந்தார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, "ஏம்பா, உன் வேலை என்ன?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கற பொருள் எதுவும் வெளியில போகாமப் பார்க்கறதும்மா."

"இல்லாத பொருள் போனா?"

"இல்லாததை நான் எப்படிம்மா தடுக்க முடியும்? தடுத்தா வேலையே போயிடும்."

அக்கா என்னைப் பார்த்தார்.

அக்கா இப்போது நாள் முழுவதும் படுத்திருக்கிறார். கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்துப் பார்த்தோம், அது தாழ்வு. அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினோம். பிடிக்கக் கைப்பிடி இல்லாமல் அவர் சரிந்தார், நான் தாங்கியதால் தப்பினார். இயன்முறை மருத்துவர் வந்து அவர் தொடையைச் சுற்றி அளந்து, சென்ற மாதத்து அளவைவிட மெலிந்திருப்பதைக் கண்டு, என்னைத் தனியே அழைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா, அப்புறம் நாற்காலி வந்தும் பிரயோசனம் இல்ல சார்" என்றார். அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று முழுவதும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

நான் எழுதிய முறையீடுகள் மூன்று பிரிவுகளுக்கும் சென்றன. மூன்றும், இது தத்தம் பிரிவைச் சார்ந்ததன்று என்று தெரிவித்துவிட்டன. இவ்வளவு ஒற்றுமையாக நடப்பவர்களை மேலும் எழுதிப் பிரிக்க நான் விரும்பவில்லை. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வாசகரே, வாரியத்தின் காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. எனக்கும் என் அக்காவுக்குமே தடை, உங்களுக்கு இல்லை. உள்ளே செல்லுங்கள். இடப்புறத்தில் வெறும் பீடங்கள் இரண்டு இருக்கும். ஒன்றில் 'மடிநிலை: காணவில்லை' என்றும், மற்றதில் 'அமர்நிலை: காணவில்லை' என்றும் எழுதியிருக்கும். அவற்றை அடுத்து எங்கள் நாற்காலி நிற்கும். கயிற்றைத் தாண்டுங்கள். கைப்பிடிகள் இரண்டையும் பற்றி உள்நோக்கி அழுத்துங்கள். அச்சுக்கு எண்ணெய் இட்டுத்தான் வைத்திருந்தேன், எளிதில் மடியும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயில் வழியாகவே வெளியே வாருங்கள். ஓட வேண்டா. காவலர் தடுக்க மாட்டார். நீங்கள் கொண்டுபோகும் பொருள் அந்தக் கட்டடத்துக்குள் இல்லை என்று வாரியமே தீர்ப்பளித்திருக்கிறது.

நிலைகள் பெயர்த்த எங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. தட்டுவதற்குக் கதவு இல்லை. நேரே உள்ளே வாருங்கள். விரிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த வாரமே வாருங்கள்.